அரசு அம்மாவுக்குப் போன் செய்கிறது

உலக நீதிமன்றம் எங்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, அரசு தினமும் காலையில் என் அம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்கிறது. அம்மா "மன்னிச்சிட்டேன்" என்று சொல்லும்வரை எந்த நாடும் இந்த அரசோடு வியாபாரம் செய்யக் கூடாது. அதுதான் தண்டனை.

என் அண்ணன் பேச்சிமுத்துவைப் போலீஸ் வேனில் ஏற்றியதைத் தெருவே பார்த்தது. "காணாமல் போனதற்கு வருந்துகிறோம். ஆனால் நாங்கள் அவரைப் பிடிக்கவே இல்லை" என்றுதான் போனில் மெஷின் குரல் சொல்லும். "எம் புள்ளைய எங்கல வச்சிருக்க, கட்டையில போறவனே?" என்று அதைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள்.

இன்று குரல் மாறியிருந்தது.

"எம்மா, பேச்சிமுத்து பேசுதேன். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா."

"ராசா, சாப்ட்டியாய்யா?" என்று அம்மா உடைந்துபோனாள்.

நான் போனைப் பிடுங்கினேன். "அண்ணன் இல்லம்மா. அவன் குரல மெஷின்ல செஞ்சு விட்டிருக்கானுவ, களவாணிப் பயலுவ!"

அதற்குள் அந்தக் குரல் இருமியது, நெஞ்சைக் கிழிப்பதுபோல. வீட்டில் இருந்தவரை அண்ணன் ஒருநாளும் அப்படி இருமியதில்லை.

பிடிக்கவே இல்லை என்றவர்களுக்கு, இருமுகிற அண்ணன் எங்கே கிடைத்தான்?

பேச்சைப் பதிவு செய்ய ரெக்கார்டிங்கை ஆன் செய்து, போனை அம்மாவிடமே கொடுத்தேன். மன்னித்துவிட்டால் நாளை போன் வராது என்று அம்மாவுக்கும் தெரியும்.

"இன்னும் கொஞ்சம் பேசுய்யா," என்றாள். "நாளைக்குச் சொல்லுதேன்."