மனிதர் என்பதற்கு அத்தாட்சி

படங்களில் சைக்கிளைக் காட்டச் சொல்லி ஆளைச் சோதித்த காலம் மலையேறிவிட்டது. அதையெல்லாம் இயந்திரங்களே நம்மைவிட நன்றாகச் செய்தன. அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் கணினி இப்போது பேச்சுக் கொடுத்துப் பார்க்கும்.

"சார், மண்டபத்துல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. எங்க இருக்கீங்க?" என்று கேட்டது கணினி.

தராசுகளைச் சோதிக்கும் ஆய்வாளர் தனசீலன், "வீட்டில். வந்து சேர நாற்பத்தேழு நிமிஷம் ஆகும்" என்றார். 'நீங்கள் இயந்திரம்' என்றது திரை. போதாதோ என்று இரண்டாம் முறை நொடிகளையும் சேர்த்துச் சொன்னார். அதே தீர்ப்பு. இன்னொரு முறை தோற்றால் ஒரு வாரம் உள்ளே விடாது. டெல்லி ரயிலில் மிச்சமிருந்தவை இரண்டே இடங்கள். வெள்ளிக்கிழமை அங்கே மகளுக்குப் பட்டமளிப்பு விழா.

மனைவி மரகதம் கரண்டியோடு ஓடிவந்தாள். "மனுஷன் பேசுற மாதிரியா பேசுறீங்க? எங்க அண்ணன் போன்ல என்ன சொல்வாரு, அதைச் சொல்லுங்க!"

மறுபடியும் அதே கேள்வி. தனசீலன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இதோ வந்துக்கிட்டே இருக்கேன்... பக்கத்து சிக்னல்லதான் நிக்கிறேன்."

திரை பச்சையானது. 'மனிதர். சந்தேகமே இல்லை.' இரண்டு டிக்கெட்டும் உறுதியாயின. மரகதம் கரண்டியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"சரி, குளிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"அது அப்பவே ஆச்சே!" என்றார் தனசீலன், காய்ந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ராஜாபோல.