அத்தை காபி

“உங்க அத்தை காபி மாதிரி வரலம்மா” என்று மாமனார் கப்பை நகர்த்தி வைத்ததும் மருமகளுக்குச் சுர்ரென்று ஏறியது.

மாமியார் போய்ச் சேர்ந்தபின் இங்கே வந்தவர். வந்ததிலிருந்து தினமும் இதே பாட்டு. கசக்கிறது என்றாரே என்று வெந்நீரின் சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் வாங்கினாள். தராசு வாங்கி, ஒரு பங்கு தூளுக்குப் பதினாறு பங்கு தண்ணீர் என்று நிறுத்துப் போட்டாள். அதற்கும் உதட்டைப் பிதுக்கினார்.

“தொண்ணூறு டிகிரியில போட்டாச்சு, தொண்ணூத்தஞ்சுலயும் போட்டாச்சு. இனி என்னால ஆகாது மாமா. அத்தை எப்படிப் போட்டாங்கன்னு நீங்களே வந்து காட்டுங்க.” கெட்டிலை ணங்கென்று வைத்தாள்.

அவர் விறுவிறுவென்று எழுந்து வந்தார். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, சற்று ஆறவிட்டு, கண்ணளவில் தூள் போட்டு, நூல் பிடித்தாற்போல ஊற்றினார்.

ஒரு வாய் குடித்தாள். அவள் போட்டதைவிட எவ்வளவோ மேல். அதில் கோபம் இன்னும் கூடியது. “அத்தை போடறதைப் பார்த்தே இவ்வளவு கத்துக்கிட்டீங்களா?”

“அவ எங்கேம்மா போட்டா? ரிட்டயர் ஆனதுலேருந்து நான்தான் அவளுக்குப் போட்டுக் கொடுத்தேன். அதைத்தான் அத்தை காபின்னேன். இங்கதான் ‘உக்காருங்க மாமா’ன்னு நீ என்னை அடுப்படிப் பக்கமே விடலையே.” அவர் குரலிலும் கோபம் இருந்தது.

அவள் தராசை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“உங்க அத்தை குறை சொல்லிக்கிட்டேதான் குடிப்பா” என்று மருமகள் முகத்தையே பார்த்தார்.

அவள் இன்னொரு வாய் குடித்தாள். “தூள் கொஞ்சம் கம்மி, மாமா.”

“நாளைக்குச் சரி பண்ணிடறேன்” என்றார்.