மருந்தைத் தள்ளுங்க சிஸ்டர்

"மருந்தைத் தள்ளுங்க சிஸ்டர். இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா?"

கட்டிலில் சாய்ந்திருந்த டிரைவர் ஐயா அவசரப்படுத்தினார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இனி நோயைக் குணப்படுத்த முடியாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு வீடு தேடி வந்து மருந்து ஏற்றும் நர்ஸ் ஒருத்தி வேண்டும். அந்த வேலைக்குத்தான், கட்டிலருகே நின்ற அவள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். இன்று எல்லாம் சரியாக நடந்தால் சாயங்காலமே வீடு. அவர் மனைவி பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டாள்.

ஐயாவின் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், சின்ன டப்பி ஒன்று புதைந்திருந்தது. போர்ட் என்பார்கள். அதன் மூடி ரப்பர் மாதிரி. ஊசியை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய இரத்தக் குழாய் வரை போகும். ஒவ்வொரு தடவையும் கையில் நரம்பு தேடிக் குத்துகிற தொல்லை இல்லை.

விரல்களால் டப்பியை அசையாமல் பிடித்து, வளைந்த ஊசியை அவள் நேராக இறக்கியிருந்தாள். அடித்தட்டில் பட்டது விரலுக்கே தெரிந்தது. அதுவரை சரி. ஆனால் சிரிஞ்சை இழுத்துப் பார்த்தால் இரத்தம் வரவில்லை.

இரத்தம் வந்தால்தான் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று நம்பலாம். வராதபோது தள்ளினால், மருந்து எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"கையைத் தூக்குங்க ஐயா."

"தோள் வலிக்குது."

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்களேன்."

"முதுகு விடமாட்டேங்குது."

"சரி, நல்லா இருமுங்க."

பூனைக்குட்டி தும்முவது போல இருமினார்.

"பஸ்ல ஹாரனும் இப்படித்தான் அடிப்பீங்களா?"

"இவர் ஹாரனுக்கு ரோட்டுல படுத்திருக்கிற நாய்கூட எழுந்துக்காது" என்றாள் மனைவி.

பயிற்சி தரும் பெரிய சிஸ்டர் சுவரோரம் கைகட்டி நின்றாள். முந்தின நாளும் இதே கட்டிலில் இதே சிக்கல். ஐயா வலியில் துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் அடுத்தடுத்து மருந்தைத் தள்ளப் போனார்கள். பெரிய சிஸ்டர்தான் பாய்ந்து கையைப் பிடித்தாள். பிறகு பார்த்தால் இரத்தம் தானாக வந்தது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஐயாவின் குரல் இறங்கியது. "உயிர் போற வலிம்மா. நீ போய் குழாய்ல அடைப்புன்னு சொன்னா, எக்ஸ்ரே படம் எடுக்கணும்பாங்க, இன்னைக்கு வீட்டுக்கு விடமாட்டாங்க. எனக்கு இன்னும் எத்தனை நாள்னு உனக்கே தெரியும். தள்ளு. ஆனது ஆகட்டும்."

அவள் சிரிஞ்சைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னைத் திட்டிக்குங்க ஐயா. வலிக்கு இப்பவே வாய்வழியா மருந்து கேட்டு வாங்கிட்டு வரேன். டாக்டரையும் கூட்டிட்டு வரேன். இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போக முடியலேன்னா, அதுக்கு நான்தான் காரணம்னு இதோ அம்மா முன்னாலேயே சொல்றேன். ஆனா இதைத் தள்ள மாட்டேன்."

"கல்நெஞ்சுக்காரி."

"இருந்துட்டுப் போறேன்" என்று கதவுப் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, நில்லு. இப்ப இழுத்துப் பாரு."

வலிக்கிறது என்று சொன்ன அந்தத் தோளோடு கையை அலட்டிக்கொள்ளாமல் தலைக்கு மேலே தூக்கியிருந்தார் ஐயா. அவள் இழுத்ததும் சிரிஞ்சில் இரத்தம் தாராளமாக ஏறியது.

"கையை ஒடுக்கிச் சாஞ்சிருந்தா ரத்தம் வராதுன்னு எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். நேத்தும் வேணும்னேதான் அப்படிச் சாஞ்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "இவளையே வரச் சொல்லு. நிஜமாவே வலி வந்து தள்ளு தள்ளுன்னு நான் கத்தும்போது, என் பேச்சைக் கேட்காத ஒருத்திதான் நம்ம வீட்டுக்கு வேணும்."