கேமரா பார்த்த கை

“உங்க கை கார்டிகனுக்குள்ள போனது கேமராவுல தெளிவாத் தெரியுது ஆன்ட்டி. என்ன எடுத்தீங்க?”

சஞ்சய் கேட்டதும் யோகா கதவுப் பக்கம் பார்த்தாள். மெல்பர்ன் ஆவணக் காப்பகத்தின் அந்தச் சின்ன அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. காவலாளிப் பெண் வேறு கதவை மறித்துக்கொண்டு நின்றாள். தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் இங்கே வேலை பார்ப்பது முன்பே தெரிந்திருந்தால், யோகா அவன் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருப்பாள்.

மேசை மேல் இரேனாவின் பெட்டி இருந்தது. ஒரு காலத்தில் போலந்தில் மேடையையும் திரையையும் கலக்கிய நடிகை அவள். மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் கண்ணை மூடினாள். அவளுடைய கடிதங்களையும் படங்களையும் அக்கா மகன் காப்பகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

“கடைசி மட்டும் அவவைப் பராமரிச்சது நான்தான், தம்பி. ஒருக்காப் பாக்க வந்தனான்.”

“தாராளமாப் பாருங்க. ஆனா எடுத்துட்டுப் போகலாமா?”

பொலிஸில் யோகாவின் பெயர் விழுந்தால் முதியோர் இல்லத்து வேலை போய்விடும். அங்கே இருப்பவர்களை போனில் ஒரு படம் பிடித்தாலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அப்படிப்பட்ட இடம். ட்ருகனினா புறநகரில் அவள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தச் சம்பளத்தில்தான்.

இவ்வளவும் தெரிந்துதான் வந்தாள். ‘பெட்டி பெட்டியாகப் படம் கிடக்கிறது, ஒன்றிலும் நான் இல்லை’ என்று சாகும்வரை புலம்பிய அந்தக் கிழவியின் மேல் அவளுக்கு அப்படியொரு பாசம்.

காவலாளி கார்டிகனை உதறிப் பார்த்தாள். சட்டைப்பை, காலில் கிடந்த சப்பாத்து எதையும் விடவில்லை. யோகா அலட்டிக்கொள்ளாமல் கைகளை விரித்தபடி நின்றாள். ஒன்றும் அகப்படவில்லை.

“அப்ப பெட்டியையும் பார்த்துடுவோம். இதுல இருக்கற படங்களுக்கு இன்னும் நம்பர் போடலை, என் ஞாபகத்தை வச்சுத்தான் பார்க்கணும்.”

யோகா சட்டென்று பெட்டியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

சஞ்சய் படங்களை ஒவ்வொன்றாகப் பரப்பினான். ராணி, விதவை, வேலைக்காரி, பைத்தியக்காரி. எல்லாம் இரேனாதான், எல்லாவற்றிலும் முகம் நிறையப் பூச்சு. கடைசியாக வந்த கறுப்பு வெள்ளைப் படத்தில், மொட்டைத் தலையும் பொக்கை வாயுமாக ஒரு கிழவி கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“அடேங்கப்பா, இது என் கண்ணுல படவே இல்லையே! என்னா மேக்கப்!” சஞ்சய் பென்சிலை எடுத்தான். சொல்லிக்கொண்டே படத்தின் பின்னால் எழுதினான். “கிழவி வேஷம். நாடகத்தோட பேர் தெரியலை.”

பெட்டியை மூடினான். அவன் முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

“எல்லாம் இருக்கு. அநியாயமாச் சந்தேகப்பட்டுட்டோம், மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. நீங்க கிளம்பலாம்.”

கதவு திறந்தது. யோகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு காலை வெளியே வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு தானாகவே உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“எழுதினதை அழியுங்கோ தம்பி. அது வேசமில்லை, அவவேதான். நான் பிடிச்சு இப்ப கொண்டுவந்து வச்ச படம்.”