எண்ணெய் மிதந்த கிண்ணம்

மன்சூர் அட்டைப்பெட்டியை எங்கள் வீட்டு வாசலில் இறக்கி வைத்தபோதே எனக்குச் சுருக்கென்றது.

உள்ளே இருந்தவை நான் அரைத்து அனுப்பிய பீநட் பட்டர் பாட்டில்கள். தில்லைநகரில் இருக்கும் அவன் கடைக்குப் போனவை, போன சுருக்கிலேயே திரும்பி வந்திருந்தன.

“மேல எண்ணெய் மிதக்குது, கெட்டுப்போச்சுங்கிறாங்கக்கா. அதோட உப்பும் கரிக்குதாம்.”

எண்ணெய் மிதக்கிறது என்றதற்கு எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. வறுத்த கடலையை அரைத்து வைத்தால் எண்ணெய் மேலே வரத்தான் செய்யும். ஸ்பூனை விட்டுக் கிளறினால் கலந்துவிடும். கம்பெனிப் பாட்டிலில் மிதக்காதுதான். கெட்டியாக்கிய எண்ணெயைக் கலந்து, சர்க்கரையையும் கொட்டினால் அது எப்படி மிதக்கும்? டப்பாவில் உறைந்த பெயின்ட் மாதிரி அப்படியே கிடக்கும்.

உப்புக் கரிக்கிறது என்றானே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு பி.பி. உண்டு. உப்புப் பக்கமே போகக்கூடாது, என் சாப்பாடே தனி. அதனால் எங்கள் வீட்டில் உப்புக்கு அதிகாரி என் வீட்டுக்காரர் அற்புதசாமிதான். பாலக்கரையில் மாதா கோயில் திருவிழா என்றால், பிரியாணி அண்டாவைத் திறந்ததும் முதலில் இவரைத்தான் தேடுவார்கள். இவர் ஒரு வாய் போட்டுப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் பந்தி.

போன வருஷம் தொண்டையில் கட்டி வந்து ரேடியேஷன் கரண்ட் வைத்தார்கள். நாக்கில் ருசி போய்விடும், திரும்பி வர நாளாகும் என்றார் டாக்டர். இவருக்கு வீட்டுக்கு வந்த வாரமே வந்துவிட்டது. ரசத்தைக் குடித்துவிட்டு, “இப்பத்தான் ரசம் ரசமா இருக்கு” என்றார். நான் அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

அந்தத் தெம்பில்தான் இந்த வியாபாரத்தையே ஆரம்பித்தோம். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் மனுஷனுக்கு ஒரு பொறுப்பு வேண்டுமே. உப்பிலியபுரத்துக் கடலையை வாங்கி வறுப்பதும் அரைப்பதும் நான். உப்புப் போடுவது அவர்.

அந்த உப்பைத்தான் இவன் கரிக்கிறது என்கிறான்.

மன்சூர் என் தம்பியோடு படித்தவன், நல்ல பையன். ஆனால் வியாபாரி. எண்ணெய் மிதக்காமல், உப்பில்லாமல், கொஞ்சம் இனிப்பாகச் செய்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்றான். ‘இப்படி இருக்கணும்’ என்று காட்ட ஒரு கம்பெனிப் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

“உள்ள வா. உன் கடைக்கு வர்றவங்க நாக்கா, எங்க வீட்டுக்காரர் நாக்கான்னு பார்த்துருவோம்.”

அடுப்படியில் இரண்டு கிண்ணம் எடுத்தேன். சில்வர் கிண்ணத்தில் கம்பெனியுடையது, பீங்கான் கிண்ணத்தில் எங்களுடையது. கம்பெனியுடையதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். குலோப் ஜாமூன் பாகு தோற்றது, அவ்வளவு இனிப்பு.

பீங்கான் கிண்ணத்தில் எண்ணெய் மினுமினுத்தது. கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டார் என்று மன்சூர் நாளைக்குப் பேசக்கூடாது இல்லையா? எங்களுடையதில் மிதந்த எண்ணெயை வழித்துக் கம்பெனிக் கிண்ணத்தின் மேல் விட்டேன். எங்களுடையதை நன்றாகக் கிளறி மட்டப்படுத்தினேன். மன்சூர் பக்கத்தில் நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் இரண்டையும் வைத்து, நம்முடையது எது என்று கேட்டேன்.

அவர் முதலில் இரண்டு கிண்ணத்தையும் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

எண்ணெய் மினுங்கிய சில்வர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வறுத்த வாசனையே சொல்லுதே. உப்பும் அளவா இருக்கு. எதையும் மாத்திராதே பெலிண்டா.”

சர்க்கரை கொட்டிய கிண்ணம் அது. கைக்குழந்தை நாக்கில் தடவினால்கூடச் சப்புக் கொட்டும்.

அன்றைய ரசம் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு தினமும் என் சமையலைப் பிரமாதம், பிரமாதம் என்றது ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் இந்த மனுஷன் மண்ணைத் தின்கிற மாதிரி தின்று, எனக்காகத் தட்டைக் காலி செய்திருக்கிறார்.

மன்சூர் என்னைப் பார்த்தான். இவன் எதையாவது சொல்லித் தொலைக்கப் போகிறானே என்று பயந்தேன்.

“தோத்துட்டேண்ணே,” என்றான் மன்சூர்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிரியாணி அண்டாவுக்கு முன்னால் தலையாட்டுவாரே, அதே மாதிரி ஒருமுறை ஆட்டினார்.

மன்சூர் வாசலுக்குப் போய், கொண்டுவந்த பெட்டியைத் திரும்பவும் தூக்கி வண்டியில் வைத்தான். நான் அதிலிருந்து ஒரு பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டேன். போய்ட்டு வரேங்க்கா என்று மட்டும் சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டி தெருமுனை திரும்பியதும் பாட்டிலைத் திறந்து விரலில் எடுத்து நக்கினேன்.

கடல் தண்ணீர் தோற்றுவிடும். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“வாசல்ல உப்பு, கரிக்குதுன்னு ஏதோ பேசுனீங்களே, என்னவாம்?” உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. கொஞ்சம் பயந்த குரல்.

வாயில் இருந்ததை விழுங்கினேன்.

“வேற யாரோ கொடுத்த சரக்காங்க. நம்மளது கச்சிதமா இருக்குன்னு சொல்லிட்டுப் போறான்.”