ஒரே ஒரு தேடல்

கடலுக்குப் போன தம்பி திரும்பவே இல்லை. அப்போது மூடிய தையல் மெஷின் ரிப்பேர் கடையை அவள் போன மாதம் மறுபடி திறந்தாள். யாரும் எட்டிப்பார்க்காததால் ஒரு வலைத்தளம் தொடங்கினாள். தேடலில் அது முன்னால் வரட்டும் என்று நாத்தனார் அதில் பிளகின் என்ற ஒரு துணைச் செயலியைப் போட்டுக்கொடுத்தாள்.

"ஜனங்க எதைத் தேடி வர்றாங்கன்னு இதுல தெரியும், அண்ணி. அதையே தலைப்பா வெச்சுப் பதில் எழுதினா இந்தச் சிவப்பு விளக்கு பச்சையாயிடும்."

"டிராஃபிக் போலீஸ் இதுக்குள்ளயும் வந்தாச்சா?"

நாத்தனார் போனபின் திறந்து பார்த்தாள். ஒரே ஒரு தேடல்தான் இருந்தது: 'அக்கா கடையைத் திறந்துட்டாளா?'

எவனோ விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் விரல் சும்மா இருக்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே அந்தக் கேள்வியைத் தலைப்பாக வைத்து, கீழே 'திறந்துட்டேன்டா, வா' என்று எழுதினாள். சிவப்பு பச்சையானது.

மறுநாள் காலை கடையைக் கூட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். புதிதாக ஒரு தேடல் வந்திருந்தது: 'பின்வாசலை ஏன் அடைச்சே?'

தம்பி மட்டுமே புழங்கிய வாசல் அது. அவன் கடலுக்குப் போன அந்த வருஷமே அதைச் செங்கல் வைத்துப் பூசியாயிற்று. தளத்தில் போட்ட எந்தப் படத்திலும் அந்தச் சுவர் இல்லை.

அவள் எழுந்துபோய், சுவரை மறைத்து நின்ற பழைய மெஷின்களை ஒவ்வொன்றாக நகர்த்த ஆரம்பித்தாள்.