பானையில் வரைந்த கவசம்

பண்டைய கிரேக்க வீரர்கள் அணிந்த மார்புக்கவசம் தோலாலானதன்று, துணியாலானது என்று நிறுவினால்தான் மஹ்ஜபீனுக்கு முனைவர் பட்டம். அவளுக்கு இருந்த சான்று பழைய பானை ஓவியங்கள் மட்டுமே. அவற்றில் முடிச்சை அவிழ்த்ததும் கவசத்தின் தோள் வார் விறைத்து நிற்கும்.

துணியும் அப்படி நிற்கும் என்று காட்ட, பதினைந்து அடுக்குச் சின்னாளபட்டிக் கைத்தறித் துணியைப் பசையிட்டு ஒட்டி, அவளும் அப்படியொரு கவசம் செய்தாள். வார் மட்டும் தொய்ந்து தொய்ந்து விழுந்தது.

"துணி நிக்காதும்மா. படத்துல இருக்கது தோலு," என்றார் தோல் பதனிடும் தொழில் செய்யும் அவள் தந்தை ஹாமித்.

"உங்களுக்கு எதைப் பாத்தாலும் தோலுதான் அத்தா!"

வாய்மொழித் தேர்வன்று நாகல் நகர் வீட்டிலிருந்து அத்தாவே கவசத்தை ஆட்டோவில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தேர்வாளர் முடிச்சை அவிழ்த்தார். வார், ஓவியத்தில் உள்ளபடியே நிமிர்ந்து நின்றது. அவர் நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

"சந்தேகமே இல்ல, துணிதான். தோல் இவ்வளவு மிருதுவா இருக்காது. வாழ்த்துகள், டாக்டர் மஹ்ஜபீன்!"

வெளியே வந்ததும் அவள் கண்கலங்கக் கேட்டாள். "நேத்து வரைக்கும் தொய்ஞ்ச வாரு இன்னைக்கு எப்படி அத்தா நின்னுச்சு?"

"உன்னோடது வீட்டு பீரோவுல கெடக்கு. இது நான் செஞ்ச ஆட்டுத்தோலு," என்றார் ஹாமித், பெருமை தாளாமல். "அம்புட்டுப் பெரிய வாத்தியாரே துணின்னுட்டாரு பாத்தியா? எம்புட்டு நயமாப் பதப்படுத்தியிருக்கேன்!"